வெப்பமானி அளப்பது யாது?

சென்ற பருவத்தில் எம் விடுதித் தோழரொருவர் மூன்று நாள் காய்ச்சலோடு வகுப்புக்களுக்குச் சென்று வந்தார். அவர் தம் நிலையை எமக்கு மறைத்தாரல்லர். தமக்குக் காய்ச்சலுண்டென்பது அவர்க்கே துணிவாகத் தோன்றவில்லை. தலைவலியும் மேல்வலியும் இருந்தன, உணவு செல்லவில்லை. ஆயினும் யாம் மாலைதோறும் சென்றுவந்த ஓரிடத்தின் வாயிலில், நெற்றிக்கெதிரே துப்பாக்கி போல நீட்டப்படும் கருவியொன்று, நாடோறும் அவர்க்கு 97 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே காட்டிற்று. "கருவியே இல்லையென்கிறது, பின் எங்ஙனம் காய்ச்சலாகும்?" என்று யாமும் அவரைத் தேற்றினோம். அவ்விடம் இன்னதென்பது ஈண்டு வேண்டா. மூன்றாம் நாளிரவு அவருடல் கட்டிலோடு நடுங்கக் கண்டு, அண்மையில் வதியும் முதிய செவிலியம்மையார் ஒருவரை அழைத்து வந்தோம். அம்மையார் தம் பையிலிருந்து பழைய கண்ணாடிக் குழாயொன்றை எடுத்து, இரண்டு மூன்று முறை உதறி, தோழரின் அக்குளில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் இருந்தனர். பின்னர் அதனை விளக்கருகே சாய்த்துப் பார்த்து, "நூற்றிரண்டுக்கு மேலே நிற்கிறது, தம்பி, மூன்று நாளாக நெற்றியை மட்டுமா பார்த்தீர்கள்?" என்றனர்.

ஒரே தோழர், ஒரே நாள். வாயிற்கருவி மாலையில் 96.8 என்றது, கண்ணாடிக் குழாய் இரவில் 102.4 என்றது. இவற்றுள் பொய் கூறியது எது? அன்றிரவு யாம் எல்லோரும் வாயிற்கருவியையே வைதோம். பின்னர்ப் பௌதிகம் பயிலும் நண்பரை வினவியும் நூல்களைப் புரட்டியும் ஆராய்ந்தவிடத்து, அவ்வசை முழுதும் தகாதென்று கண்டோம். இரு கருவிகளும் தத்தமக்குத் தெரிந்ததையே கூறின. அவை எதனைப் பற்றிக் கூறின என்று கேளாது விட்டவர் யாமே. அப்பிழையில் எமக்குள்ள பங்கையும், வெப்பமானி என்னும் பெயர்க்குள்ள பங்கையும் எடுத்துரைக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு வெப்பமானியிடத்து என்ன வேலையென்று அறிவியன் மாணவர் நகைப்பாராயின் நகைக்க. பெயரும் பொருளும் ஒத்து நிற்கின்றனவா என்று பார்ப்பது எம் வேலையேயாகும்.

முதலிற் கருவியே வேண்டுமோ, கை போதாதோவென்னும் வினா எழும். நம் இல்லங்களில் அன்னையர் புறங்கையால் நெற்றியைத் தொட்டே காய்ச்சலை அறிவர். பெரும்பாலும் அது தவறுவதுமில்லை. ஆனால் பாத்திரம் துலக்கி வந்த குளிர்ந்த கைக்கு நலமுள்ள பிள்ளையும் சுடும். அடுப்பருகிலிருந்து வந்த கைக்குக் காய்ச்சலுள்ள பிள்ளையும் சுடாது. ஒரு கையை வெந்நீரிலும் மற்றொரு கையைத் தண்ணீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, இரண்டையும் ஒருசேர வெதுவெதுப்பான நீரில் இட்டாற் காண்க: அந்நீர் ஒரு கைக்குக் குளிரும், மற்றதற்குச் சுடும். ஒரே நீர் ஒருவனுடைய ஒரு கைக்குக் குளிர்ச்சியும் மற்றொரு கைக்குச் சூடுமாகத் தோன்றுமென்பதை ஜான் லாக் என்னும் ஆங்கில அறிஞர் 1690ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். மார்கழி வைகறையில் இரும்பு நாற்காலி குளிர்ந்தும் மரநாற்காலி அத்துணைக் குளிராமலும் தோன்றுவதும் இவ்வகையினதே. இரண்டும் ஒரே அறையில் இரவெல்லாம் கிடந்தமையால் வெப்பநிலையில் வேறுபாடுடையனவல்ல. இரும்பு நம் உடற்சூட்டை விரைவில் வாங்கிச் செல்கின்றது, மரம் மெல்லச் செல்கின்றது. நம் கை அறிவது தன்னிடமிருந்து சூடு போகும் விரைவையே. ஆதலின் கை நல்லதொரு ஐயக்கருவியாம், அளவுக்கருவியாகாது.

இனி, கருவியின் இயல்பை நோக்குவோம். சூடேறின் பெரும்பாலான பொருள்கள் விரியும், குளிரிற் சுருங்கும். இவ்வெளிய செய்தியிலிருந்தே பழைய வெப்பமானிகள் யாவும் பிறந்தன. 1600ஆம் ஆண்டையொட்டி இத்தாலி நாட்டுக் கலிலியோ, காற்றடைத்த கண்ணாடிக் குமிழொன்றைக் குழாயோடு நீரிற் கவிழ்த்து, குமிழ் சூடாகுந்தோறும் குழாயில் நீர் இறங்குதலைக் காட்டினார். அவர் காலத்து மருத்துவர் சாந்தோரியோ அத்தகைய கருவிக்கு அளவுக்கோடுகள் இட்டு நோயாளர் வாயில் வைத்துப் பார்த்தார். ஆனால் அக்கருவியின் நீர்மட்டம் சூட்டினால் மட்டுமன்றி வெளிக்காற்றின் அழுத்தத்தாலும் ஏறியிறங்கும். மழைமேகம் கூடினும் நோயாளிக்குச் சூடு மாறியதாகத் தோன்றும்! 1654ஆம் ஆண்டளவில் டஸ்கனி நாட்டுக் கோமகன் இரண்டாம் பெர்டினாண்டு, சாராயம் நிறைத்த குழாயின் வாயை உருக்கி மூடச் செய்தார். வெளிக்காற்றின் தொடர்பு அற்றது, இடையூறும் அற்றது.

பாதரசத்தைக் கொண்டு செம்மையான கருவி செய்தவர் பாரன்ஹீட், ஆண்டு 1714. பாதரசம் கண்ணாடியில் ஒட்டாது. ஒளிவிடுதலின் நன்கு புலப்படும். சூட்டை விரைவிற் பரப்பிக்கொள்ளும். செல்சியஸ் அளவில் சுழிக்குக் கீழே 39 பாகையளவில்தான் உறையும், 357 பாகையளவில்தான் கொதிக்கும். சாராயமோ 78 பாகையிற் கொதித்துவிடும். ஆனால் 114 பாகை கீழிறங்கினாலன்றி உறையாதாகலின் கடுங்குளிர் நாடுகட்கு அதுவே உகந்தது.

பாதரசம் விரியும் அளவு மிகச் சிறிது. ஒரு செல்சியஸ் பாகை ஏறினால் 5,500 பங்கு பாதரசம் 5,501 பங்காகும், அவ்வளவே. அதனைக் கண்ணாற் காண்பதெங்ஙனம்? குமிழைப் பெரிதாகவும் குழாயின் துளையை மயிரினும் நுண்ணிதாகவும் அமைத்தமையே அச்சூழ்ச்சி. குமிழில் ஒரு கிராம் பாதரசமும், துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதிலொரு பங்கும் உடைய கருவியில், கண்ணாடியின் விரிவையும் கழித்துப் பார்த்தால், ஒரு பாகைக்குப் பாதரசம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் ஏறும் என்று கணக்கிட்டுக் கண்டோம். கணக்கைச் சரிபார்த்த பௌதிக நண்பர்க்கு நன்றி. முதன்முறை யாம் பத்து மடங்கு பிழைத்திருந்தோம். காய்ச்சலளக்கும் குழாயில் குமிழுக்குச் சற்று மேலே ஒரு குறுக்கிய கழுத்துண்டு. ஏறும்போது பாதரசம் அதனை நெருக்கிக் கடந்து செல்லும். அக்குளினின்று எடுத்துக் குளிர்ந்தபின் அவ்விடத்தில் அறுபட்டு மேற்பகுதி அங்கேயே நின்றுவிடும். செவிலியம்மையார் விளக்கைத் தேடிச் சென்ற அத்துணை நேரமும் எண் மாறாது நின்றமைக்கும், முதலில் அவர் குழாயை உதறினமைக்கும் அக்கழுத்தே காரணம்.

ஏறுதலும் இறங்குதலும் மட்டும் அளவாகா. ஊர்தோறும் ஒத்த எண் வேண்டுமெனின், எவரும் எங்கும் பெறத்தக்க நிலையான இரண்டு குறிகள் வேண்டும். பாரன்ஹீட் 1724ஆம் ஆண்டில் எழுதியவாறு, பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் கலந்த கலவையின் குளிரைச் சுழியாகவும், நீரோடு கலந்த பனிக்கட்டியின் நிலையை 32 ஆகவும், நலமுடையார் வாயிலேனும் அக்குளிலேனும் வைத்தபொழுது நின்ற இடத்தை 96 ஆகவும் கொண்டார். ஸ்வீடன் நாட்டு வானநூலார் செல்சியஸ் 1742ஆம் ஆண்டில் நீர் கொதிக்குமிடத்தைச் சுழியென்றும் பனி உருகுமிடத்தை 100 என்றும் வகுத்தார். ஆம், தலைகீழாகவே! சில ஆண்டுகளில் அது புரட்டிவைக்கப்பட்டது. அவர் செய்த பெருநன்மை வேறொன்று. பனி உருகும் நிலை காற்றழுத்தத்தால் மாறுவதில்லையென்றும், நீர் கொதிக்கும் நிலை மாறுமென்றும் அளந்து காட்டினார். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள நம் கொடைக்கானலில் நீர் 93 பாகையளவிலேயே கொதிக்கும். அங்கே பருப்பு வேகவில்லையென்று விடுமுறைக்குச் சென்றவர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கொதிக்கின்றது, ஆனால் போதிய சூடில்லை. 'கொதிநீர் நூறு பாகை' என்று மனனம் செய்தவர், எவ்விடத்துக் கொதிநீர் என்று கேட்டல் வேண்டும். 2019ஆம் ஆண்டு முதல் வெப்பநிலையின் அலகு நீரைச் சாராது, போல்ட்ஸ்மன் மாறிலி என்னும் எண்ணைச் சார்ந்து வரையறுக்கப்படுகின்றது. ஆயினும் ஆய்வுக்கூடத்து வெப்பமானியொன்று பழுதோவென்று பார்க்க இன்றும் ஒரு குவளைப் பனிக்கட்டிநீரே போதும்.

நிற்க. இப்பொழுது பெயரிடம் வருவோம். வெப்பமானி என்றால் வெப்பத்தை அளப்பது என்பது பொருள். இது வெப்பத்தை அளக்கின்றதா? ஒரு குவளையில் 200 கிராம் கொதிநீரும், ஒரு வாளியில் 15 லிட்டர் வெதுநீர் 40 பாகையிலும் இருப்பனவாகக் கொள்க. வெப்பமானி குவளையில் 100 என்னும். வாளியில் 40 என்னும். இரண்டிலும் பனிக்கட்டியைப் பெய்துகொண்டே வந்தால், குவளை நீர் கால் கிலோ கட்டியை உருக்கித் தானும் பனிநிலைக்கு வந்துவிடும். வாளி நீரோ ஏழரைக் கிலோ கட்டியை உருக்கும். வெப்பம் மிக்கது வாளி. நிலை மிக்கது குவளை. ஏரியில் நீர் மிகுதி, தென்னை உச்சியிலுள்ள இளநீரில் உயரம் மிகுதி என்பது போலக் கொள்ளலாம். பனிக்கட்டி உருகும்போது அடியில் நெருப்பெரித்தாலும், நன்கு கலக்கிவருமளவும், கடைசித் துண்டு கரையுங்காறும் வெப்பமானி சுழியிலேயே நிற்கும். உட்புகும் வெப்பத்தை அக்கருவி அறியவே அறியாது. ஸ்காட்லாந்து தேயத்து ஜோசப் பிளாக் பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். ஆனால் பெயரோ அவர்க்கு முன்பே, 1624ஆம் ஆண்டில், பிரெஞ்சு மொழி நூலொன்றில் இடப்பட்டுவிட்டது. கிரேக்கச் சொற்களைக் கூட்டி அங்கே செய்த பிழையையே நாமும் தமிழில் வழுவாது பெயர்த்துக்கொண்டோம். வெப்பநிலைமானி என்பதே பொருந்தும் பெயர். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை வேரோடு பிடுங்குக என்று யாம் வாதிக்கவில்லை. தேர்வுத்தாளில் 'வெப்பம் 37 பாகை' என்றெழுதுவதையாவது விடலாம் என்கின்றோம்.

பெயரைத் திருத்தினும் ஒரு குறை எஞ்சும். அஃது எதன் வெப்பநிலை? சற்று நுணுகி நோக்கினால், குழாயிலுள்ள பாதரசத்தின் வெப்பநிலையே. கருவி தன்னைத்தானே அளந்து கூறுகின்றது. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்கள், போதிய நேரம் விட்டால், ஒரே நிலையை எய்தும் என்னும் இயற்கை விதியை நம்பியே, அவ்வெண்ணை நாம் நோயாளியின் எண்ணாகக் கொள்கின்றோம். 'போதிய நேரம்' என்பதுதான் உயிர்நிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவர் கையாண்ட குழாய்கள் ஓரடி நீளமுடையனவாய் இருபது நிமிடம் வரை காத்திருக்கச் செய்தன. 1866ஆம் ஆண்டையொட்டி ஆங்கில மருத்துவர் ஆல்பட் ஆறங்குலக் குழாயை ஆக்கி ஐந்து நிமிடமாகக் குறைத்தார். ஜெர்மானிய மருத்துவர் உண்டர்லிக் ஏறத்தாழ 25,000 நோயாளரின் அக்குள்களில் அளந்து 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபே, நலமுடையார்க்கு 37 செல்சியஸ் பாகை என்பது. அதனைப் பாரன்ஹீட் அளவிற்கு மாற்றியபோது 98.6 ஆயிற்று. அப்புள்ளியும் ஆறும் துல்லியத்தின் அடையாளமென்று நினைத்திருந்தோம். முழு எண்ணொன்றை மாற்றியதால் வந்த மிச்சமேயது. அண்மைக்கால ஆய்வுகள் சராசரி அதனினும் சற்றுக் குறைவென்கின்றன. மேலும் ஒருவர்க்கே காலையிற் குறைந்தும் மாலையில் உயர்ந்தும் இருக்கும். வாயினும் அக்குள் சற்றுக் குறைத்துக் காட்டும்.

வாயிற்கருவியோ தொடுவதேயில்லை. சூடுடைய பொருள்கள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகின்றன. நிலை உயருந்தோறும் கதிர்கள் மிகும். அக்கதிர்களை வில்லையாற் குவித்து, அவை தாக்கும் சிறு தகட்டில் எழும் மின்னழுத்தத்தை எண்ணாக்கிக் காட்டுவது அக்கருவி. அது காண்பது நெற்றித்தோலின் மேற்பரப்பை. தோல் உள்ளுடலினும் பல பாகை குளிர்ந்தது. ஆதலின் இவ்வளவு தோலுக்கு இவ்வளவு உடல் என்று உள்ளே ஒரு கணக்கைச் செய்து, கூட்டியே எண் காட்டுகின்றது. வியர்வையும், மழைநீரும், மின்விசிறியும், வெயிலும் அக்கணக்கைக் குலைக்கும். இன்னுமொன்று: காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும் பொழுதில் உடல் தன் சூட்டைக் காத்தற்பொருட்டுத் தோலிலுள்ள குருதிக்குழாய்களைச் சுருக்கிவிடும், உள்ளே கனல, வெளியே குளிரும், நடுக்கமும் அப்போதுதான் எழும். எம் தோழர் மாலைதோறும் மழைச்சாரலில் நனைந்து, குளிர்நடுக்கம் தொடங்கும் வேளையில் அவ்வாயிலைக் கடந்தனர். அக்கருவி அவர் நெற்றி குளிர்ந்திருந்ததென்றது, அது மெய்யே. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் பெருங்கூட்டத்தை விரைந்து சலிப்பதற்கென்று எங்கும் பரவிய கருவியை, ஒருவர் நலத்தைத் தீர்மானிக்கும் நடுவராக யாம் இருத்திவிட்டோம். வாயிலில் நின்று அதனைப் பிடிப்பவர்க்கோ அதன் இயல்பைக் கூறுவார் ஒருவருமில்லை.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட முன்னாள் மாணவர் சிலர், "பழைய பாதரசக் குழாயே மெய், புதியன யாவும் பொம்மை" என்றனர். அவர்பால் மதிப்புடையேமாயினும் அதனை ஒப்புக்கொள்ள இயலவில்லை. அன்றிரவு மெய் கூறியது பாதரசமன்று. அக்குளும் ஐந்து நிமிடமும். சூடேறின் மின்தடை குறையும் உலோக உயிரகைத் துணுக்கை நுனியிற் கொண்டு எண் காட்டும் சிறு கருவியை அதே அக்குளில் அதே பொறுமையோடு வைத்திருந்தால், அதுவும் ஏறக்குறைய அதனையே கூறியிருக்கும். பாதரசக் குழாயைப் பொறுமையின்றி அரை நிமிடத்தில் எடுத்திருந்தால் அதுவும் எம்மை ஏமாற்றியிருக்கும்.

பாதரசத்தைப் பற்றி ஏக்கங்கொள்வார்க்கு வேறொன்றும் நினைவூட்ட வேண்டும். மேலே கொதிநீர்க்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன அதே கொடைக்கானலில், 1980களில் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையொன்று நடந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் ஊரினுள் பழம்பொருட் கடையொன்றிற் கிடந்தமை வெளிப்பட்டு, மக்கள் கிளர்ந்தெழ, 2001ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அங்கே உழைத்த தொழிலாளர் தம் உடல்நலக் கேட்டுக்கு ஈடு கேட்டு நெடுநாள் போராடி, 2016ஆம் ஆண்டிலேயே உடன்பாடு பெற்றனர். உலகத்தார் நோயறியும் கருவியைச் செய்தவர், தம் நோய்க்குப் பதினைந்தாண்டு வழக்காட நேர்ந்தது. 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை பாதரச வெப்பமானிகளைச் செய்தலையும் நாடுவிட்டு நாடு அனுப்பலையும் நிறுத்த 2020ஆம் ஆண்டை எல்லையாக வைத்தது. விலக்குப் பெறவும் இடந்தந்தது. இந்தியா அதனை 2018ஆம் ஆண்டில் ஏற்றது. வீட்டில் இன்னும் பழைய குழாய் வைத்திருப்போர், அது உடையின் சிதறும் மணிகளைத் துடைப்பத்தாற் கூட்டாமலும் கையால் தொடாமலும், சாளரங்களைத் திறந்துவைத்து, தாளால் ஒருங்கு சேர்த்து மூடியுள்ள கலத்தில் இடுவாராக. அம்மணிகளை உருட்டி விளையாடிய இளமையை யாமும் உடையேம். இப்போது நினைப்பின் அச்சமாகவேயிருக்கின்றது.

எனவே யாம் விடுதியில் ஒன்று செய்தோம். எம் தளத்திற்கென்று ஆளுக்குச் சிறுதொகை கூட்டி, எண் காட்டும் சிறு கருவியொன்று வாங்கினோம். அதனருகே ஒரு குறிப்பேட்டைத் தூக்கிலிட்டோம். அதில் எண்ணை மட்டும் எழுதுதல் கூடாது. உடலில் எவ்விடம், எத்துணை நேரம், எக்கருவி, நாளின் எப்பொழுது என்னும் நான்கும் எழுதப்படாத எண் அடிக்கப்படும். முதற்கிழமையில் பலர் எள்ளினர். ஒருவர் தேநீர் குடித்த கையோடு வாயில் வைத்து 101 கண்டு, வகுப்பிற்கு விடுமுறை வேண்டினர். 'வாய், தேநீர்க்குப் பின்' என்று அடுத்தவர் அதனருகே எழுதிவைத்தனர். பிற விடுதியினரும், வாயில்களிற் கருவி பிடிப்போரும், இந்நான்கையும் கேட்கத் தொடங்குதல் நன்றென்பது எம் கருத்து. செலவு ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும்.

தோழர் பதினோராம் நாள் எழுந்து நடமாடினர். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அவர் கையெழுத்தில் உள்ளது: 'அக்குள், 5 நிமிடம், புதுக்கருவி, காலை 7 மணி, 97.9.'